துரைசானியின் சின்ன வண்டியும் ரங்கூனுக்குப் போன படமும்

சேசு மரி சூசை

காக்ஸ் டவுன், பெங்களூர் தண்டு
9-3-1936

அன்புள்ள மகன் ரெமிஜியஸுக்கு அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை பவுலின் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், ரங்கூனில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். உன் கடிதம் வந்தது. ஞானஸ்நானப் பத்திரத்தை உடனே அனுப்புங்கள், ஈஸ்டர் முடிந்து மூன்று ஞாயிறு கோவிலில் கல்யாண ஓலை வாசித்ததும் எனக்கும் பிரிஜெட்டுக்கும் கல்யாணம், கப்பல் பிரயாணம் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது, நீங்கள் யாரும் சிரமப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். பிள்ளைக்கு நம் மேல் எவ்வளவு கரிசனம் என்று அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நேற்று மூன்றாம் தடவையும் வாசிக்கச் சொன்னேன், அப்போதுதான் புரிந்தது.

போன கிறிஸ்துமஸுக்கு நீ லீவில் வந்திருந்தபோது அப்பாவின் எஜமானி மௌரீன் துரைசானி ஊட்டிக்குப் போயிருந்தார். அவருடைய பேபி ஆஸ்டின் காரோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உன் அப்பாவை நச்சரித்தாய். கேட்காமல் எடுக்கக் கூடாது என்றவர், இரண்டாம் நாள் விடியற்காலையிலேயே வாளியோடு போய் நின்றார். அவர் வண்டி கழுவுவதை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். தூசியைக் காய்ந்த துணியால் தொட விடமாட்டார், கீறல் விழும் என்று மேலிருந்து தண்ணீரை ஊற்றி ஊற்றி ஊற வைப்பார். காக்கை எச்சம் பட்டால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து போய்த் துடைப்பார், ஒரு வெயில் பட்டுவிட்டால் பெயின்டில் தழும்பு நின்றுவிடுமாம். மெருகு போடும்போது கல்யாணத்தில் நான் போட்ட மோதிரத்தைக்கூடக் கழற்றி மெழுகு டப்பா மூடியில் வைத்துவிடுவார். பதினைந்து வருஷம் குதிரை தேய்த்த கை, வண்டிக்கும் அதே கைதான். அன்றைக்கு உனக்காக மூன்று தடவை மெழுகு பூசித் தேய்த்தார். உன் சிநேகிதன் நோயல் காமிராவோடு வந்தான், வெயிலில் முன்பக்கம் கண்ணைப் பறிக்கிறது, படம் வெளுத்துவிடும் என்று வண்டியை மர நிழலுக்குத் தள்ளச் சொன்னான், தள்ளினார். நீ வண்டிப் படியில் ஒரு காலை வைத்து நின்றாய். அப்போது நோயல், மாமா, கொஞ்சம் தள்ளிக்குங்க, கதவுல தெரியறீங்க என்றான். நீ திரும்பிப் பார்த்து, அப்பா, வேலி பக்கமா போய் நில்லுங்க என்றாய். அவரும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி போய் நின்றார். கதவு அவ்வளவு பளபளப்பாக வந்துவிட்டதே என்று எனக்கு இரவு சாப்பாட்டின்போது பெருமையாகச் சொன்னார். படம் நன்றாக வரத்தான் தள்ளி நிற்கச் சொன்னாய் என்று நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை நான் கோவிலுக்குப் போயிருந்தேன். திருச்சியில் தன் அண்ணனைப் பார்க்க வந்த பிரிஜெட்டின் அப்பா ஓஸ்வால்ட், சம்பந்திகளையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டு வந்திருக்கிறார். நம் கடிதம் எல்லாம் துரைசானியின் பங்களா விலாசத்துக்குத்தானே வரும், நாம் பின்கட்டு அறையில் இருக்கிறோம் என்று நீயும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நேரே முன்கேட்டுக்கே வந்துவிட்டார். உன் அப்பா காக்கிச் சட்டையோடு வண்டி கழுவிக்கொண்டிருந்தார், பவுலின் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், நடந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள். வந்தவர் கையில் உன் படம் இருந்ததாம். படத்தையும் வண்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இதேதான், ரொம்ப நல்லா வெச்சிருக்கேப்பா, நான் ரங்கூன்லேர்ந்து வர்றேன், பொண்ணோட அப்பா, பெரியவர் இன்னாசிமுத்து உள்ளே இருக்காரா என்று உன் அப்பாவிடமே அவர் பெயரைச் சொல்லிக் கேட்டாராம். படத்தைத் திருப்பியபோது பின்னால் உன் கையெழுத்தில் எங்கள் வீட்டு வண்டி என்று எழுதியிருந்ததைப் பவுலின் பார்த்தாள். உன் அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனாலும் அவர் புரிந்துகொண்டார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, பெரியவர் ஊர்ல இல்லீங்க, மைசூர் போயிருக்காருங்க என்றார்.

ஓஸ்வால்ட் உடனே போய்விடவில்லை. இந்தத் தீப்பெட்டியில உங்க பெரியவர் உட்கார்ந்தா முட்டி மூக்குல இடிக்குமே என்று கேலி பேசினார், உன் அப்பா ஒரு டிரைவர் எப்படிச் சிரிக்க வேண்டுமோ அப்படிச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, உண்மையைச் சொல்லுப்பா, பையன் எப்படி என்று கேட்டார். தங்கமான பிள்ளைங்க, கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கலாம் என்றார் உன் அப்பா. கல்யாணத்துக்கு உங்க எஜமானோட நீயும் வா, ரங்கூன்லயும் துடைக்க வண்டி இருக்கு என்று சொல்லி ஒரு பர்மா சுருட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தவக்காலத்தில் உன் அப்பா சுருட்டைத் தொடுவதில்லை. அது மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது, எடுத்து எறியவும் விடமாட்டேன் என்கிறார்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று சண்டை போட்டேன். பின்னே, பொண்ணைப் பெத்தவன்கிட்ட என் புள்ள பொய்யன்னு சொல்லவா என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இனி உன் கல்யாணத்தில் அவர் எப்படி வந்து நிற்பார், அந்த மனிதர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டாரே. நீ டைப்பு படிக்க வேண்டும் என்று ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் பவுலின், யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்காதவள், அவள் இதை எழுதும்போது நான் எதையும் மறைக்காமல் சொல்கிறேன். நீ எங்களை வர வேண்டாம் என்றது கப்பலுக்காக இல்லை.

சனிக்கிழமை உன் அப்பா கோவில் சாமியாரிடம் போய்ப் பத்திரத்தை வாங்கி வந்தார். அதில் தகப்பன் பெயர் இன்னாசிமுத்து, தொழில் குதிரைவண்டிக்காரன் என்று இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டு எழுத முடியுமா சாமி என்று அவர் கேட்டாராம். புத்தகத்தில் உள்ளபடிதான் எழுத வேண்டும் என்று சாமியார் சொல்லிவிட்டார். இதை அனுப்பாதே, பிள்ளை மாட்டிக்கொள்வான், இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறேன் என்கிறார் உன் அப்பா. நான் அவருக்குத் தெரியாமல் இத்தோடு வைத்து அனுப்புகிறேன். இது இல்லாமல் உனக்கு ஓலை வாசிக்க மாட்டார்கள். ஓஸ்வால்ட் இன்னும் பத்து நாள் திருச்சியில் இருப்பாராம். அவர் ரங்கூனில் வந்து இறங்கும் அன்றே நீ போய் உன் வாயால் சொல்லு, காகிதம் சொல்லும் வரை காத்திருக்காதே. அந்தப் பெண் பிரிஜெட்டையும் நினைத்துப் பார், அவளும் இந்த வீட்டுக்கு மருமகள்தான்.

மழைக்காலத்துக்கு முன் கம்பளிச் சட்டையை வெயிலில் போட்டு எடுத்து வை. ஆண்டவர் உன்னையும் அவளையும் ஆசீர்வதிப்பாராக. ஒன்றை மறக்காதே, படத்தின் பின்னால் எழுதியதை அழிக்காமல் அதற்குக் கீழே வண்டியைத் துடைத்தவர் யார் என்பதையும் எழுதி வை.

இப்படிக்கு உன் அம்மா
ஆரோக்கியம்மாள், கைநாட்டு

அண்ணா, இது நானாக எழுதுவது, அம்மாவுக்கு வாசித்துக் காட்ட மாட்டேன். போகும்போது பிரிஜெட்டின் அப்பா என்னைப் பார்த்து, உன் பொண்ணா, பையன் இல்லியா என்று அப்பாவைக் கேட்டார். நான் சொல்லியிருக்கலாம், வாளியை எடுத்து ஓரமாக வைத்தேன். அப்பா குனிந்து கதவைத் துடைத்துக்கொண்டே, இல்லீங்க, இவ ஒருத்திதான் என்றார். கதவை அவர் ஏற்கெனவே துடைத்து முடித்திருந்தார்.

பவுலின்