மோட்டார் ஓய்வெடுக்கும் நேரம்

செப்டம்பர் 4, திங்கள்

கோணல் எழுத்துக்கு மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன்? என்னிடமேதான். எழுபத்தொரு வயதில் எழுதப் பழகிய கை. வரி மேலே ஏறிப்போய்விடுகிறது. என்னை எல்லோரும் அபூ ரபீஃ என்பார்கள். பார், எழுதிவிட்டேன்!

என் மனைவி வதாத் இன்றும் பால்கனியிலேயே நின்றாள். ஐந்தாம் மாடி. முழங்கால் கெட்டதிலிருந்து அவள் கீழே இறங்கவே இல்லை. அரசு மின்சாரம் வந்தால் லிஃப்ட் ஓடும். ஆனால் ‘அரசு’ வருவதே நாங்கள் தூங்கிய பிறகுதான்.

“மீனா துறைமுகத்துல குடியிருந்துக்கிட்டு கடல சினிமா மாதிரி பாக்குறேன்” என்றாள்.

லிஃப்டைத் தெரு ஜெனரேட்டரோடு இணைத்தாக வேண்டும்.

செப்டம்பர் 6, புதன்

இங்கே ஜெனரேட்டர் வைத்து மின்சாரம் விற்கும் மோட்டார்காரர்கள் இரண்டு பேர். ஒருவன் அபூ ஷாஹீன், என்னோடு பஸ் ஓட்டியவன். இன்னொருவன் பக்கத்துத் தெரு ஹிக்மத். எல்லாரும் விலையைத்தான் கேட்கிறார்கள். நான் வேறொன்று கேட்டேன்: “உங்க மோட்டார் எப்பப்பா தூங்கும்?”

“மூணு மணிலேருந்து ஏழு வரைக்கும் ஓய்வு. வெயில்ல அதுவும் மனுஷன் மாதிரிதானே?” என்றான் அபூ ஷாஹீன்.

ஹிக்மத்தின் மோட்டார் காலையில் ஓய்வெடுக்கிறது. விலை கொஞ்சம் கூட.

மூன்றிலிருந்து ஏழு! அதுதானே எங்கள் நேரம். எங்களுக்குக் கல்யாணம் நிச்சயமான வருடம் முழுக்க வெயில் சாயும்போது நானும் வதாத்தும் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருப்போம், நடுவில் காவலுக்கு அவள் அத்தை. வதாத் உப்புப் போட்ட துர்முஸ் பயறைத் தின்றுவிட்டு, அத்தையின் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டித் தோலை என் சட்டைப் பையில் போடுவாள். வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்ப்பேன். பைத்தியம்!

செப்டம்பர் 8, வெள்ளி

நான் ஹிக்மத் பக்கம் சாய்ந்த விஷயம் அபூ ஷாஹீன் காதுக்குப் போய்விட்டது. “ஹிக்மத்தா? என் சிநேகிதத்த ஒரு லிஃப்டுக்கு வித்துட்டியேடா!” — வலிக்கிறது. என்ன செய்ய?

செப்டம்பர் 10, ஞாயிறு

படிக்கட்டில் கூட்டம். எல்லா வீடும் சம்மதித்தால்தான் லிஃப்டை ஹிக்மத்திடம் இணைக்கலாம். முதல் மாடி பாயிஸ் மட்டும் முரண்டு பிடித்தான்.

“நான் ரெண்டு எட்டுல வீட்டுக்குப் போயிடுவேன். லிஃப்டுக்கு எதுக்கு விலை கூடக் குடுக்கணும்?”

மேலிருந்து வதாத்தின் குரல்: “டேய் பாயிஸ்! உன் கல்யாண ஊர்வலத்துக்கு மேலேருந்து அரிசி தூவினது யாருடா?”

பாயிஸ் அண்ணாந்து பார்த்தான். “நீங்கதான் அக்கா. கல்லும் சேத்துல்ல தூவினீங்க!”

“அவசரத்துல புடைக்கலடா! சம்மதம்னு சொல்லு, கீழ வந்து மன்னிப்புக் கேக்குறேன்.”

படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. பாயிஸும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டான்.

செப்டம்பர் 15, வெள்ளி

அபூ ஷாஹீன் இன்னும் பேசவில்லை.

மணி நாலு. ஹிக்மத்தின் மின்சாரத்தில் லிஃப்ட் முனகிக்கொண்டே மேலே வந்தது. மிச்சத்தைத் திரும்பி வந்துதான் எழுத முடியும். கதவு மூடாமலிருக்கக் கைத்தடியை நடுவில் வைத்துக்கொண்டு வதாத் கத்துகிறாள்:

“எழுத்தாளரே! வர்றீங்களா, இல்ல கடலுக்கு நான் மட்டும் போகட்டுமா?”