வாசற்படி தாண்டாத தோல்

அன்புள்ள மகள் ஹெதருக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உயிரோடும் ஓரளவு ஈரம் படாமலும் இருக்கிறோம், கம்ப்ரியாவில் நவம்பர் மாதத்தில் அதற்கு மேல் சுகம் கேட்டால் பேராசை. உங்கள் நியூசிலாந்தில் வெயில் தொடங்கியிருக்கும், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அதை நன்றாக அனுபவியுங்கள்.

போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், வாய்வரை வந்துவிட்டது, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் விழுங்கிக்கொண்டேன். "நெவில் செஞ்சது சரிதாம்மா, அப்பாவ ஹோம்ல விடறதப் பத்தி யோசிங்க" என்றாய். உலகத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்வது சுலபம். உன் அண்ணன் நெவில் உன்னிடம் எந்தப் பாதியைச் சொன்னானோ தெரியாது, முழுதையும் நான் எழுதுகிறேன், படித்துவிட்டு அப்புறம் யோசி.

அப்பாவுக்குப் பெயர்கள் எல்லாம் போய்விட்டன. நெவிலைப் பல நாள் அடையாளம் தெரிவதில்லை, என்னையே சில சமயம் தன் அக்கா என்று நினைத்துப் பேசுகிறார். ஆனால் காலையில் டீ குடித்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு வாளியைத் தூக்கிக் கோழிகளிடம் போவது மட்டும் மறக்கவில்லை. போய்விட்டு வந்தால்தான் சாப்பிடுவார், போகாத அன்று தொப்பியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார், ஒரு வாய் இறங்காது. கடைத் தீவனத்தை வாளியில் போட்டுக் கொடுத்துப் பார்த்தேன், அதை முற்றத்தில் கொட்டிவிட்டு "கண்ணு தெரியலயா உனக்கு, இது கன்னுக்குட்டி திங்கிறது, கோழிக்கா குடுப்பாங்க?" என்று என்மேலேயே பாய்ந்தார். அதனால் கேரட் தோலும் முட்டைக்கோஸின் வெளி இலையுமாகச் சமையலறையில் நறுக்கியதைப் போட்டுக் கொடுத்தேன். சட்டம் எனக்குத் தெரியாதா? இந்தப் பள்ளத்தாக்கில் அது தெரியாத ஆள் உண்டா? காய்கறித் தோலே ஆனாலும் சமையலறைக்குள் போய் வந்தது கோழிக்கு ஆகாது, அதே பலகையில் கறி நறுக்கியிருப்போம், அதே கத்தி, அதே கை. நம் வீட்டில் அந்தச் சட்டத்தைப் போட்டவரே உன் அப்பாதான். கோமாரி வந்த வருடம் எங்கோ ஒரு பன்றிப் பண்ணையில் எச்சிலைப் போட்டதில்தான் தொடங்கியது என்றார்கள், நோயே வராத நம் மாடுகளையும் சுட்டுக் குவித்து எரித்தார்கள், நெவிலும் அப்பாவும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். அதற்குப் பிறகு வாசற்படி தாண்டி உள்ளே வந்த எதுவும் திரும்ப முற்றத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். நீ ஆப்பிள் கடித்துவிட்டு மிச்சத்தைக் கோழிக்கு எறிந்ததற்கு அன்று வாங்கிய ஏச்சு உனக்கு நினைவிருக்கும். அந்த மனிதர்தான் இப்போது அதை மறந்துபோனார்.

செப்டம்பரில் ஒருநாள் வாளியோடு போனவர் கோழிக்கூண்டைத் தாண்டி, வேலி இடுக்கு வழியாகப் பக்கத்துப் பண்ணையில் இருக்கும் நெவிலின் தொழுவத்துக்குப் போய், அவன் கறவை மாடுகளுக்கு முன்னால் கொட்டிவிட்டார். தோலோடு தோலாக ஒரு துண்டு பன்றிக்கறிக் கொழுப்பும் கிடந்ததாம், நான் கவனிக்கவில்லை. நெவில் நேரே என்னிடம் வந்து கத்தியிருக்கலாம், நானும் கத்தியிருப்பேன், தீர்ந்திருக்கும். அவன் கவுன்சிலுக்குப் போன் செய்தான். பெற்றவர்கள்மேல் புகார்! "ரெண்டு தடவ சொன்னேன், நீங்க சிரிச்சீங்க. என் மாடுங்க போச்சுன்னா யாரு பொறுப்பு? ஒரு தடவ எரிஞ்சத நான் பாத்தது போதும்மா" என்று பிறகு சொன்னான். அவன் சொன்னது சரி. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது, தப்பாக இருந்திருந்தால் இத்தனை எரிச்சல் வந்திருக்காது.

கவுன்சிலிலிருந்து வந்த பெண் மரியாதையானவள், ரப்பர் பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டுத்தான் கேட்டைத் திறந்தாள். இந்த முறை எச்சரிக்கையோடு விட்டுவிடுகிறேன், தோட்டத்தில் பறித்து வீட்டுக்குள் கொண்டுபோகாமல் அங்கேயே நறுக்கியதைக் கோழிக்குத் தாராளமாகப் போடலாம் என்றாள். அது போக, கறி, பால், முட்டை எதுவுமே நுழையாத சமையலறை என்றால் அந்தத் தோலையும் போடலாமாம். அப்படி ஒரு வீடு இங்கே இருக்கிறது, மான்செஸ்டரிலிருந்து வந்து குடியேறிய இமோஜன் வீடு. "முட்டையவே தொடாதவ கோழிக்குத் தோல் போடலாம், முட்டை திங்கிற நான் போடக் கூடாதா?" என்று கேட்டேன். "சட்டம் அப்படித்தாம்மா" என்றாள், சிரிக்கக்கூட இல்லை. மறுநாள் இமோஜன் ஒரு பை நிறையத் தோலோடு வந்து நின்றாள், பாவம், நல்ல மனசுதான். தோலைக்கூட இரவல் வாங்கும் நிலைக்கு இந்த வீடு வரவில்லை என்று நினைத்துக்கொண்டு, வேண்டாமம்மா என்று அனுப்பிவிட்டேன்.

கோழியை யாருக்காவது கொடுத்துவிட்டு அப்பாவை முதியோர் இல்லத்தில் விடுவோம் என்பது நெவிலின் யோசனை, அதற்குத்தான் நீயும் தலையாட்டினாய். நான் ஒரு புதுப் பலகையும் கத்தியும் வாங்கி, காய்ப்பாத்தி ஓரத்தில் இருக்கும் தகரக் கொட்டகையில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டேன். பிடுங்குவது, குழாயடியில் கழுவுவது, சீவுவது எல்லாம் அங்கேதான், தோல் வாளிக்கு, கிழங்கு வீட்டுக்கு. மழைச்சாரலில் விரல்கள் நீலம் பூத்து வீங்கிக் கிடக்கின்றன, இந்தக் கையெழுத்து இப்படிக் கோணுவதும் அதனால்தான். இருக்கட்டும், அப்பா தினமும் சாப்பிடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நெவில், உன் அண்ணி செய்த கேக்கோடு வந்தான். சமாதானம் பேசத்தான் வந்திருப்பான். அப்பா வாளியோடு கூண்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார், இவன் ஓடிப்போய் "குடுங்கப்பா, நான் கொண்டுபோறேன்" என்று கை நீட்டினான். அப்பா வாளியை முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டார். "யாருய்யா நீ? தொடாத. எந்தச் சமையக்கட்டுலேர்ந்து வர்ற? உன்ன மாதிரி ஒருத்தன் எச்சிலப் போட்டுத்தான் என் மாடெல்லாம் எரிஞ்சுபோச்சு. என் முத்தத்துல கால் வைக்காத, வெளிய போ" என்றார். மறந்துபோன சட்டம் எங்கிருந்து திரும்பி வந்ததோ, அன்று கூட நின்ற மகன் மட்டும் வரவில்லை. நெவில் என்னைப் பார்த்தான். இவன் உங்கள் பிள்ளைதான் என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை ஹெதர். ஒரு நிமிடம் என் வயிறு குளிர்ந்தது, அதையும் உனக்கு எழுதிவிடுகிறேன். அப்புறம்தான் மழையில் நனைந்துகொண்டு நிற்கும் அவன் முகத்தைப் பார்த்தேன், உரித்து வைத்தாற்போல அந்த வயதில் உன் அப்பா. "சரிங்க, போயிடறேன்" என்று யாரோ வழிப்போக்கன் மாதிரிச் சொல்லிவிட்டு, கேக்கைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனான். அதை நானேதான் தின்று தீர்த்தேன், கோழிக்குப் போட முடியாதே.

அவனை இன்னும் நான் மன்னிக்கவில்லை, உன்னையும்தான். ஆனாலும் பெற்ற வயிறு, நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும் என்றுதான் ஞாயிறுதோறும் சர்ச்சில் முழங்கால் போடுகிறேன். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். அப்பாவை எங்கே விடுவது என்று இனிமேல் போனில் பேசாதே, நேரில் வா, சீக்கிரம் வா. வந்ததும் நான்தான் ஹெதர் என்று அவர் முன்னால் போய் நிற்காதே, அது அவருக்கு எட்டாது. கொட்டகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேரட்டைச் சீவி, தோலை வாளியில் போட்டு, "இது உள்ள போகலப்பா, இங்கயே நறுக்குனது" என்று சொல். அப்படிச் சொல்கிறவர்களைத்தான் அவர் இப்போது உள்ளே விடுகிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா
டோரீன்