அண்ணையை மாற்றிக்கொடுத்த கூட்டம்

அண்ணை,

இன்று மத்தியானம் வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் நோவெண்ணெய் மணத்தது. ஒரு கணம் நீங்கள்தான் என்று திரும்பிவிட்டேன். நின்றது எங்கள் பேஸ்போல் அணியின் கப்டன். தோளைத் தடவிக்கொண்டு பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தான்.

"மச்சான், எனக்கு அடி விழுதில்லையெண்டு என்னை மற்ற ரீமுக்கு மாத்தப் போறாங்களாம். நாளைக்குக் கூட்டம். எனக்காக நீ ஒருக்காக் கதையன்."

யார் கேட்கிறான் பாருங்கள்.

டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற எங்கள் பேஸ்போல் அணிக்குப் பத்துக் கோடைகாலம் அடித்துக் கொடுத்தது நீங்கள். நான் உட்பட மற்றவர்கள் எல்லாம் கிரிக்கெட் பழக்கத்தில் மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். பத்தாவது கோடையில் உங்கள் மட்டையில் பந்து படவில்லை. இரண்டே மாதம். அதற்குள் இதே கப்டன், சாப்பாடு ஏற்றுகிறவர்களின் அணியோடு பேரம் பேசிவிட்டான். உங்களைக் கொடுத்து ஓர் இளம் பந்துவீச்சாளனை வாங்குவதாம்.

அதை முடிவு செய்கிற கூட்டத்தன்று காலை காரில் சொன்னீர்கள்: "நான் கதைச்சாக் கெஞ்சுற மாதிரி இருக்குமடா. நீ கதை."

ஓம் என்றேன். சொல்ல வேண்டியதை அடுக்கியும் வைத்திருந்தேன். தோள் நோ ஆறி வருகிறது. மட்டையைப் போட்டுவிட்டு ஓடச் சொல்லித் தந்ததே இவர்தான். இரண்டு மாதத்தை வைத்துப் பத்து வருஷத்தை அளக்கக்கூடாது. ஆனால் எழும்பி நின்றால் நாலு முகம் தெரிகிறது. என் வாய்க்குப் பகிடி வர அது போதும்.

"அண்ணைக்கு அடிக்கத் தெரியாமலில்லை. சைவக்காரர், பந்துக்கும் உயிர் இருக்கெண்டு விட்டிடுறார்."

அறை அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு இருக்கிறதே, கள்ளு மாதிரி. இன்னொன்றும் விட்டேன்: "அவர் மட்டை வீசினாப் பின்னால நிக்கிறவைக்கு நல்ல காத்து."

கப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிறகென்ன, கூட்டாளியே சொல்லிப்போட்டான்" என்றான். உங்களைக் கொடுப்பதற்குக் கைகள் உயர்ந்தன. பகிடியில் தொடங்கிய என் பேச்சு பகிடியோடேயே முடிந்தது.

எல்லோரையும் விட உரக்கச் சிரித்தது நீங்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. திரும்பி வரும்போது ஒரு தூஷணமாவது சொல்லியிருக்கலாம். "உன்ர ரெண்டாவது பகிடி நல்லாயிருந்தது" என்று சொல்லி, பார்க் எக்ஸ்டென்ஷனில் என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனீர்கள்.

வாங்கின இளந்தாரி இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு ரொறொன்ரோவுக்குக் குடிபோனான். நீங்கள் வேறு நிறச் சட்டையோடு, ஆட்டம் கிடைக்காமல் வாங்கில் குந்தியிருந்தீர்கள். அடுத்த கோடை விளையாட வரவில்லை. அதற்கடுத்த கோடைக்கு நீங்களே இல்லை. செத்தவீட்டில் கப்டன் உங்களை "எங்கட அணியின் தூண்" என்றான். தூணைப் பிடுங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்தவன். நான் பேசவில்லை. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று எனக்கே பயம்.

அப்படிப்பட்டவனுக்கு இன்று என்ன சொல்லியிருக்க வேண்டும்? நாக்கு நுனியில் ஏழெட்டுப் பகிடி வரிசையில் நின்றது. ஒன்றை அவிழ்த்தாலே ஆள் துலைந்தான். அவனோ சாப்பாட்டைத் தொடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கதைக்கிறன்" என்றேன்.

நாளைக்கு எழும்புவேன். தோள் ஆறிவிடும் என்பேன். இரண்டு மாதத்தை வைத்து அளக்காதேங்கோ என்பேன். ஒருவரும் சிரிக்கப்போவதில்லை. அது உங்களுடைய பேச்சு, அண்ணை. அதைக் கொண்டுபோய் இந்த நாய்க்குக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் வயிறெரிகிறது.