'தூரக்கோள்' தொடரின் பதினோராம் பகுதி சுமாராக இருந்தது குறித்து

அனுப்புநர்:
லிஃப்ட் ஆய்வாளர் ஒருவர்,
மூன்றாம் மாடி, வலப்பக்க வீடு.
(பெயர் விடப்பட்டதற்கான காரணம் மனுவின் இறுதியில் உள்ளது.)

பெறுநர்:
நிகழ்ச்சிப் பிரிவு இயக்குநர் அவர்கள்,
தொலைக்காட்சி நிலையம்.

பொருள்: சனிக்கிழமை மாலை விண்வெளித் தொடரான 'தூரக்கோளின்' பதினோராம் பகுதியை நன்றாகவும் எடுக்காமல் மோசமாகவும் எடுக்காமல் ஒளிபரப்பியது, அதனால் குடும்பத்தில் ஏற்பட்ட பாதிப்பு, நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

பார்வை: விண்கலக் கதவுகள் பற்றிய எனது முந்தைய மனு (கையொப்பத்துடன்).

மதிப்பிற்குரிய ஐயா,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. பதினோராம் பகுதி முடிந்த அன்றே எழுதியிருப்பேன். அடுத்த பகுதியில் தாங்களே தவற்றை உணர்ந்து ஏதாவது பெரிதாகச் சொதப்புவீர்கள் என்ற நம்பிக்கையில் பொறுத்திருந்தேன். பன்னிரண்டாம் பகுதியும் சுமாராகவே இருந்தது. இனிப் பொறுப்பதற்கில்லை.

1. நான் பொறியியல் பட்டம் பெற்றவன். லிஃப்ட் ஆய்வாளராகப் பணிபுரிகிறேன். என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர் இன்று எனக்கு மேலதிகாரி. அது குறித்துத் தனியாக மனு நிலுவையில் உள்ளது. எங்கள் எதிர் வீட்டில் வசிப்பவர் பல் மருத்துவர், என் மனைவியின் அண்ணன். எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம், என் திருமணத்தன்று எடுத்த குடும்பப் படம். படம் எடுக்கும் கணத்தில் மாப்பிள்ளையாகிய எனக்கு முன்னால் வந்து நின்றவர் அவர். எங்கள் கூடத்தில் மாட்டியுள்ள அந்தப் படத்தில் என் பங்காக ஒரு காதும் கொஞ்சம் தலைமுடியும் தெரிகின்றன. அந்தத் தலைமுடியும் இப்போது இல்லை. வீட்டுக்கு வருபவர்களுக்குக் காதைக் காட்டித்தான் மாப்பிள்ளையை அடையாளம் சொல்ல வேண்டியிருக்கிறது.

2. இந்த ஏற்பாட்டில் தங்கள் தொடர் ஒரு விதிவிலக்கை உண்டாக்கியது. அவர் வீட்டில் அதே நேரத்தில் வேறு நிகழ்ச்சி ஓடும் என்பதால், சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டுக்கு வந்து சோபாவின் இடது ஓரத்தில் உட்காருவார். வலது ஓரத்தில் நான். தொடரைப் பற்றி மட்டும் பேசலாம் என்பது எழுதாத விதி. தொடங்கிய காலத்தில் தங்கள் தொடர் எவ்வளவு கேவலமாக இருந்தது என்பதைத் தாங்கள் மறந்திருக்கலாம், நாங்கள் மறக்கவில்லை. விண்கலத்தின் உள்கதவும் வெளிக்கதவும் ஒரே நேரத்தில் திறக்கும். உள்ளே இருப்பவர்களின் தலைமுடிகூடக் கலையாது. கதவு சரியாக மூடாவிட்டால் ஒரு சாதாரண அடுக்குமாடி லிஃப்டே நகராது, ஐயா. இதை நான் எடுத்துச் சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"கதவ விடுங்க மாப்ளே. பாறையத் திங்கற ஜந்துவுக்கு முயல் பல்லு வெச்சிருக்கான். அதக் கேக்க நாதி இல்ல!"

"ஆகாயத்துக்குப் போயும் உங்களுக்குப் பல்லுதான் தெரியுதா மச்சான்?"

பிறகு கலத்தின் ரோபோவுக்கு வருவோம். நான் அதைத் 'தகரம்' என்பேன். அதைப் பெற்றவர்போல் அவருக்குக் கோபம் வரும். வாசல்வரை பேசிக்கொண்டே போவோம்; வாசலில் நின்று பேசுவோம்; அவர் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பின்பும் ஏதோ ஞாபகம் வந்து திறந்து ஒன்று சொல்வார். "ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாக் கத்துங்க, கீழ் வீட்டுல குழந்தை தூங்குது" என்று என் மனைவி சொல்வாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருக்கும் மகிழ்ச்சியை வாரத்தின் மற்ற நாட்களில் நான் கண்டதில்லை.

3. இந்நிலையில்தான், அவரிடம் சொல்லாமல், கதவுகள் பற்றித் தங்களுக்கு மனு அனுப்பினேன். வரைபடத்துடன் அனுப்பினேன். தாங்கள் அதை ஏற்பீர்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. இதற்கு முன் எந்த அலுவலகமும் அப்படிச் செய்ததில்லை.

4. பதினோராம் பகுதி. உள்கதவு மூடியது, சிவப்பு விளக்கு எரிந்தது, அதன் பிறகே வெளிக்கதவு திறந்தது. குறை சொல்ல இடமில்லை. பாறை தின்னும் ஜந்து வாயைத் திறந்தது. பற்கள் தட்டையாக, தேய்ந்து, பழுப்பாக இருந்தன. மச்சான் முன்னால் சாய்ந்து பார்த்தார், மறுபடி பின்னால் சாய்ந்துகொண்டார். கலம் ஒரு கோளில் எரிபொருள் நிரப்ப இறங்கியது, நிரப்பியது, கிளம்பியது. ரோபோ எல்லோருக்கும் வணக்கம் சொன்னது. கதையில் ஓட்டை எதுவும் இல்லை. கதையே இல்லை என்பது முடிந்த பிறகுதான் தெரிந்தது.

"பரவால்ல," என்றார் மச்சான்.

"ஆமா. பரவால்ல," என்றேன் நான்.

திருமணமான நாள் முதல் நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இது. யாருக்காவது மயக்கமா என்று பார்க்க என் மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

5. வழக்கமாக அந்நேரம் கத்திக்கொண்டிருப்போம் என்பதால் இறுதியில் ஓடும் பெயர்களைப் பார்த்ததில்லை. அன்று செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல் பார்த்தோம். 'நன்றி' என்ற தலைப்பில் பற்களுக்காக மச்சானின் பெயர் வந்தது. அதன் கீழே, கதவுகளுக்காக, என் பெயர் வந்தது. அவரும் எனக்குச் சொல்லாமல் மனு அனுப்பியிருக்கிறார்! அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் அவர் பெயர் மேலே, என் பெயர் கீழே, அதுவும் சின்ன எழுத்தில். கதவு முதலில் வந்ததா, ஜந்து முதலில் வந்ததா என்பதைத் தாங்களே தங்கள் ஒளிப்பதிவில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

"இங்கயும் எனக்கு முன்னாடி வந்து நிக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒரு போட்டோவுக்கு இத்தனை வருஷமா சாகறீங்களே மாப்ளே! அன்னிக்கு நான் வந்து நிக்கலன்னா உங்க சட்டைல கொட்டிருந்த காப்பிக்கறைதான் தெரிஞ்சிருக்கும். என் தங்கச்சி கல்யாணப் படம்னுதான் வந்து மறைச்சேன்."

அப்படி ஒரு கறை இருந்ததாக எனக்கு நினைவில்லை. மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் எழுந்து போய்விட்டார். போகிற வேகத்தில் மூக்குக்கண்ணாடியை டிவி மேசையில் விட்டுவிட்டார். அவர் இன்றுவரை கேட்டனுப்பவில்லை. நானும் கொடுத்தனுப்பவில்லை, துடைத்து மட்டும் வைத்திருக்கிறேன்.

6. பன்னிரண்டாம் பகுதியைத் தனியாகப் பார்த்தேன். ரோபோவை இருமுறை தகரம் என்றேன். இடது ஓரத்திலிருந்து யாரும் கோபப்படவில்லை. "நீங்களா போய்க் கூப்பிட்டாத்தான் என்ன?" என்கிறாள் மனைவி. கதவைத் தட்டி நான் என்ன சொல்வது? பேச ஒரு விஷயம் வேண்டாமா? அதைத் தருவது தங்கள் நிலையத்தின் கடமை.

ஆகவே, கதவுகளைப் பழையபடி தவறாகத் திறக்கவும், ஜந்துவுக்கு முயல் பல்லையே திரும்ப வைக்கவும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அது உடனடியாக இயலாதெனில், அடுத்த பகுதியில் விண்கலத் தலைவர் அந்த ரோபோவைப் பாதி விலைக்கு விற்றுவிடட்டும். அது தெரிந்தால் மச்சானால் தன் வீட்டுக்குள் இருக்க முடியாது. அவர் வீட்டில் வேறு நிகழ்ச்சி ஓடினாலும், கண்ணாடி இல்லாவிட்டாலும், எங்கள் டிவியின் சத்தம் எதிர் வீட்டில் காதில் விழும். நான் கதவைத் தாழிடாமல் வைத்திருப்பேன்.

கடைசியாக ஒன்று. வழக்கம்போலக் கையொப்பமிடத்தான் பேனாவை எடுத்தேன். தாங்களோ மனுவை ஏற்றால் பெயரைத் திரையில் போடுகிறவர்கள். அவர் வந்து உட்காராமல் எனக்குத் தொடர் பார்க்க முடியவில்லை என்று நான் எழுதிப் போட்டது அவருக்குத் தெரிந்தால், ஆயுள் முழுக்க அதையே சொல்லிக்காட்டுவார். எனவே நன்றி சொல்வதானால் அவருக்கே சொல்லிக்கொள்ளுங்கள். மேலேயே, பெரிய எழுத்திலேயே போடுங்கள். இம்மனுவைக் கையொப்பம் இல்லாமலே அஞ்சலில் சேர்க்கிறேன்.

இடம்: கூடம், சோபாவின் வலது ஓரம்.
நாள்: சனிக்கிழமை, தொடர் தொடங்குவதற்குச் சற்று முன்.

இப்படிக்கு,