ரோஸ் கலர் சீட் கவர்

1983 ஜூன் 20, திங்கள்

காலையிலிருந்தே மேல்காற்று. கொடியில் போட்ட சேலை பக்கத்து வீட்டு முருங்கையில். தையல் அறை ஜன்னலுக்குக் கொக்கி வேண்டுமென்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் மூன்றாவது தடவையாகச் சொன்னேன். வெட்டி வைத்த துணியெல்லாம் பறக்கிறது.

சைக்கிள் பத்தும் வந்து இறங்கிவிட்டன! பச்சைக் கலர். பத்தும் லேடீஸ் சைக்கிள். அதற்காகத் தர்ம சங்கக் கூட்டத்தில் நான் போட்ட சண்டை எனக்குத்தான் தெரியும். சங்கம் என்றால் கடைவீதி வியாபாரிகள் ஏழெட்டுப் பேர். தலைவர் பாத்திரக்கடை வேலாயுதம் அண்ணாச்சி. எட்டாவதோடு நின்றுபோகிற கிராமத்துப் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கு வந்து ஒன்பதாவது படிக்க இலவச சைக்கிள். பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தது நான். நல்ல காரியம்தான், ஆனால் ஜென்ட்ஸ் வண்டி வாங்கப் பார்த்தார்கள்.

"நடுவுல பாரு வச்ச வண்டின்னா வீட்டுல எல்லாருக்கும் ஆகும்லா டீச்சர்" என்றார் அண்ணாச்சி.

"அதனாலதான் வேண்டாங்கேன் அண்ணாச்சி. அப்பனும் அண்ணனும் எடுத்துட்டுப் போயிருவாவ. லேடீஸ் வண்டின்னா ஒரு ஆம்பளை தொட மாட்டான்."

லேடீஸ் வண்டிக்கே ஒத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரே பெருமை. வீட்டில் இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். தாலுகா ஆபீஸில் மனுக்களுக்கும் அப்படித்தான் சொல்வார் போலிருக்கிறது.

ஜூன் 22, புதன்

சைக்கிள் விழா. மைக் வேலை செய்யவில்லை. யாருக்கும் வருத்தமில்லை.

ஒவ்வொரு வண்டியிலும் செயின் கவர் மேல் வெள்ளைப் பெயிண்டில் "உபயம்" என்று போட்டு அண்ணாச்சி பெயர். இனிஷியலில் ஆரம்பித்து, அப்பா பெயர், கடைப் பெயர் எல்லாம் சேர்த்துப் பின் சக்கரம் வரை போய்விட்டது. கோயில் டியூப்லைட்டில் எழுதுகிற அதே பெயிண்டர்.

9-பி செல்லக்கனி பெல்லைத் தொட்டாள். அது அடித்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பனவடலிசத்திரம் ரோட்டில் உள்ளே தள்ளி நாலு மைலில் ஊர். அப்பா மாடசாமி கூலிவேலை, இரண்டு எருமை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசியில் நின்றார்.

"இது வந்ததாலதான் டீச்சர் படிக்க அனுப்புதேன். இல்லன்னா நிப்பாட்டியிருப்பேன்" என்றார். மறைக்காமல் சொல்லிவிட்டார்.

ஜூன் 25, சனி

பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழக்கினோம். எனக்கே ஓட்டத் தெரியாது. அது ஒரு தடையா? "நேராப் பாரு, கீழ பாக்காத" என்று சத்தம் போட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன். செருப்பு வார் அறுந்தது.

விழுந்தவர்கள்: ஏழு பேர். அழுதவர்கள்: ஒருத்தி, அதுவும் தாவணி கிழிந்ததற்காக. செல்லக்கனி மட்டும் சாயங்காலத்துக்குள் கிரவுண்டை மூன்று சுற்று சுற்றிவிட்டாள். இறங்கத் தெரியாமல் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜூன் 29, புதன்

செல்லக்கனி மூன்று நாளாகத் தனியாகவே சைக்கிளில் வருகிறாள். கேட்டுக்கு வரும்போது பெல். ஸ்டாஃப் ரூம் வரை கேட்கிறது. கணக்கு டீச்சர் முகம் சுளிக்கிறார். எனக்குப் பிடித்திருக்கிறது.

ரவை, புளி, 40-ஆம் நம்பர் நூல் வாங்க வேண்டும்.

ஜூலை 4, திங்கள்

வியாழனிலிருந்து பெல் சத்தத்தைக் காணோம். 9-பி அட்டெண்டன்ஸைப் பார்த்தேன். செல்லக்கனிக்கு வரிசையாக 'ஆ', ஆப்சென்ட். காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைப்பதற்கு அது வசதியாக இருந்தது.

ஜூலை 6, புதன்

காய்ச்சல் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

காலையில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடை வாசலில் பச்சை சைக்கிள். கேரியரின் இரு பக்கமும் பால் கேன். மாடசாமி சாவகாசமாக அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். ஒளிவு மறைவே இல்லை. என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகச் சிரித்தார்!

"ஊருக்குள்ள வந்து பால் எடுக்குதவன் அடிமாட்டு வெலைக்குக் கேப்பான் டீச்சர். இப்பம் நானே கொண்டாந்து ஊத்துதேன். ஒரு மாசம் பாத்துக்கிட்டு ஒரு பழைய வண்டி வாங்கிருவேன். அப்புறம் புள்ள வருவா."

"அதுக்குள்ள பள்ளிக்கூடத்துல பேரை அடிச்சிருவாவ. இது லேடீஸ் வண்டில்லா, ஒமக்குக் கூச்சமா இல்லையா?"

"எதுக்குக் கூச்சம்? வேட்டியைக் கட்டிக்கிட்டு ஏறி எறங்க லேசா இருக்கு. பாரு இருந்தா காலைத் தூக்கிப் போடணும், கேன் தட்டும்."

"புள்ளையப் பின்னால வச்சுக் கூட்டியாந்தா என்ன?"

"பின்னால கேனுல்லா தொங்குது. பாரு வச்ச வண்டின்னா முன்னால உக்கார வச்சிருப்பேன். யாரு இந்த வண்டியப் பாத்து வாங்குனாவளோ."

விறுவிறுவென்று நடந்துவிட்டேன். பள்ளிக்கு வந்ததும் அழுகை வந்தது. கோபமா, அவமானமா தெரியவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தால்தானே அந்தப் பிள்ளைக்கு உட்கார இடமில்லை.

ஜூலை 7, வியாழன்

அண்ணாச்சி காதுக்கும் போய்விட்டது. கடைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எம்பேரைப் போட்டுக்கிட்டு பால் கேன் ஊரைச் சுத்துது டீச்சர். பால் யாவாரம் எப்பம் ஆரம்பிச்சீருன்னு அவனவன் கேக்கான். திங்கக்கிழமை அந்தப் புள்ள பள்ளிக்கூடத்துல இல்லன்னா, வண்டிய வாங்கி லிஸ்ட்ல அடுத்த புள்ளைக்குக் குடுத்துருவோம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அடுத்த பிள்ளையும் பாவம்தான். ஆனால் வண்டி போனால் செல்லக்கனியின் படிப்பு அதோடு சரி.

மத்தியானம் ஒரு யோசனை. 9-பி தையல் வகுப்பில் இன்றைய பாடத்தை மாற்றிவிட்டேன். பாடம்: சைக்கிள் சீட் கவர். துணி, ரோஸ் சாட்டின். சுற்றி இரண்டு அடுக்கு ஃப்ரில், நடுவில் சங்கிலித் தையலில் கிளி, நாலு பக்கமும் குஞ்சம். எந்த ஆம்பளை இதில் உட்கார்ந்து கடைவீதிக்கு வருவான், பார்க்கிறேன்.

ஜூலை 8, வெள்ளி

வந்தான். மன்னிக்கவும், வந்தார்.

காலையில் டீக்கடை வாசலில் நானே மாட்டிவிட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "ஏய், மாப்பிள்ளைக் குதிரைல்லா!" என்றான் ஒருவன். மாடசாமி ஏறி உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தார்.

"மெத்துன்னு இருக்கு டீச்சர். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

குஞ்சம் ஆடப் போனார்.

ராத்திரி இவரிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பதினைந்து வருஷத்தில் இவர் இப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. கடைசியில் நானும் சிரித்தேன். ஆனால் திங்கட்கிழமை அப்படியே நிற்கிறதே.

ஜூலை 10, ஞாயிறு

இவரை நச்சரித்து, இவர் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து செல்லக்கனி வீட்டுக்குப் போனேன். போகும்போது காற்றே தள்ளியது.

வண்டி வீட்டுக்குள் சாமி படத்துக்குக் கீழே துடைத்து நிறுத்தியிருந்தது. சீட் கவர் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"சாணி பட்டுருந்துச்சு டீச்சர். அதான் அலசிப் போட்டேன்" என்றாள் செல்லக்கனி. குஞ்சம் நாலையும் தனித்தனியாகச் சீவி விட்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களுக்குப் பேப்பர் அட்டை போட்டு, எருமைக் கயிறு தொங்குகிற ஆணிக்குப் பக்கத்தில் பையில் மாட்டியிருந்தாள்.

நாளைக்குள் பள்ளிக்கு வராவிட்டால் வண்டி போய்விடும் என்று சொன்னேன். மாடசாமி முகம் சுருங்கிவிட்டது. பால் காசும் போகும், படிப்பும் போகும். எருமை மட்டும் கத்தியது.

திடீரென்று இவர்: "பால் போற ரோடும் பள்ளிக்கூடம் போற ரோடும் ஒண்ணுதான. புள்ளையே பாலைக் கொண்டாரட்டுமே."

"வயசுக்கு வந்த புள்ள டீக்கடை வாசல்ல போயி நிக்கவா சார்? அது ஆவாது."

"டீக்கடைக்கு ஏன் போவணும்? எங்க வீட்டுல கொண்டாந்து எறக்கட்டும். கடைக்கு நான் குடுத்துருதேன்."

நான் இவரையே பார்த்தேன். மாடசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். செல்லக்கனி கொடியிலிருந்து சீட் கவரை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

திரும்பும்போது எதிர்க்காற்று. மூச்சு வாங்க மிதித்துக்கொண்டே வந்தவர் ஊர் எல்லையில்தான் வாய் திறந்தார்.

"ஏட்டி, நானா அப்படிச் சொன்னேன்?"

ஜூலை 11, திங்கள்

காலை ஏழே முக்காலுக்கு வாசலில் பெல். காற்றில் தாவணி முந்தானையை இடுப்பில் இறுக்கிச் சொருகியிருந்தாள். முகமெல்லாம் புழுதி, ஒரு சொட்டு சிந்தவில்லை. நாலு இட்லி சாப்பிட வைத்தேன். இவர் கேன் இரண்டையும் தன் வண்டியில் மாட்டிக்கொண்டு போனார். தாலுகா ஆபீஸ் கிளார்க்! மனு கொடுக்க வருகிறவர்கள் பார்த்தால்?

அண்ணாச்சி தானே பள்ளிக்கு வந்து 9-பி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போனார். "பாலு நல்ல பாலா டீச்சர்? எங்க வீட்டுக்கும் ஒரு படி சொல்லிருங்க" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

ஜன்னல் கொக்கி வந்துவிட்டது. அளவு சரியில்லை.

ஜூலை 15, வெள்ளி

காற்று கொஞ்சம் குறைவு.

இவர் வண்டி பஞ்சர். ஒட்டுகிறவன் பத்து மணிக்குத்தான் கடை திறப்பான். கேன் இரண்டும் வாசலில். செல்லக்கனி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு, "நானே கடையில குடுத்துட்டுப் போயிருதேன் டீச்சர்" என்றாள். அவள் அப்பாவுக்கு நாங்கள் கொடுத்த வாக்கு என்னாவது?

இவர் பச்சை வண்டியைப் பார்த்தார். ஃப்ரில்லைப் பார்த்தார். கிளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கேனை மாட்டிக்கொண்டு, ஆளில்லாத பின் சந்து வழியாகப் போனார்.

எட்டே முக்கால். ஒன்பது. ஆளைக் காணோம். செல்லக்கனி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் நின்றாள். நான் இரண்டு தடவை சந்து முனை வரை போய்ப் பார்த்தேன்.

ஒன்பதே காலுக்குத் தேரடிப் பக்கமிருந்து பெல் சத்தம். நடு ரோட்டில், கடைகளெல்லாம் பார்க்க, குஞ்சம் நாலும் ஆட, இவர். பெல்லை விடாமல் அடித்துக்கொண்டே, ஊரையே ஒரு சுற்று சுற்றிவிட்டு.

"சார் நல்லா ஓட்டுதாவ டீச்சர்!" என்று செல்லக்கனி கை தட்டிவிட்டாள். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வண்டியை வாங்கி ஏறிப் போய்விட்டாள். முதல் பீரியடுக்கு இருந்தாள், போய்ப் பார்த்தேன்.

சாயங்காலம் காபி குடிக்கும்போது இவர்: "எஞ் சீட்டுக்கும் ஒண்ணு தச்சுத் தா. ஃப்ரில் வேண்டாம்."

கொஞ்சம் வைப்பேன்.