நடுமூட்டைச் சரக்கு

என் முதலாளியம்மாவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். உன் நலம் எனக்குத் தெரியும். முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காலையில் நடக்கப் போகிறாய், பேத்திக்கு வாய்ப்பாடு சொல்லித் தருகிறாய் என்று மகள் வாராவாரம் போனில் சொல்கிறாள். அம்மாவிடம் போனைக் கொடு என்று நான் ஒரு தடவையும் கேட்கவில்லை. நீ பேசினாலும் நான் பேரம் பேச ஆரம்பித்துவிடுவேன். காகிதம் என்றால் தப்பாக வந்ததைக் கிழித்துப் போடலாம். இது நான்காவது காகிதம்.

வீட்டுச் சமாசாரம் முதலில். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததே, வாஷர் மாற்றிவிட்டேன். மாடி ஜன்னல் கொக்கி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. நானே சமைக்கிறேன். விழுங்க முடிகிறது, அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கடையில் எடைபோடுகிறவர், "அம்மா எப்ப வர்றாங்க?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்டபோதே தேவலை.

நீ மகள் வீட்டுக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. எனக்கு வந்தது வயசுக் கோளாறு இல்லை, ஒரு நோய் என்று மகள் சொல்லியிருப்பாள். அவள் சொன்னது போதாது. நடந்ததை வரிசையாக நான் சொல்ல வேண்டும்.

அது என் கையில்தான் தொடங்கியது. நீ போவதற்கு இரண்டு மாதம் முன்பு. மண்டியில் யாராவது பயறோ கடலையோ சாம்பிள் கொடுத்தால் உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது கை வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டும். சரக்கு தரையில் சிதறும். கூடவே வலப்பக்க முகமும் ஒரு கணம் கோணும். எங்கள் தொழிலில் மூட்டையை இறக்கச் சொன்னால் சரக்கை ஏற்றுக்கொண்டாயிற்று, சாம்பிளை உதறினால் சரக்கு வேண்டாம் என்று அர்த்தம். முகத்தையும் கோணினால் கேட்கவே வேண்டாம். எதிரில் இருந்தவர்கள் மறுபேச்சில்லாமல் விலையை இறக்கினார்கள். "வயசாக ஆக மனுஷன் கூராயிட்டே போறாருப்பா" என்று மண்டி முழுக்கப் பேச்சு. நானும் அதை நம்பினேன் என்பதுதான் வெட்கம்.

பிறகு தலைசுற்றல் வந்தது. நீதான் தெருமுனை டாக்டரிடம் கூட்டிப் போனாய். ரத்தத்தில் உப்பு குறைந்திருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. அங்கேதான் என் புத்தி புரண்டது. சமைப்பது நீ, என் உப்பு குறைகிறது, ஆக நீ ஏதோ செய்கிறாய் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் ஆதாரம் போலக் காட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் பாதி எனக்கு நினைவில்லை. மகளைக் கேட்டேன். சொல்லத் தயங்கினாள். விடாமல் கேட்டேன். சம்பந்தியம்மாள் வந்திருந்த அன்று நீ கொடுத்த தண்ணீரைத் திருப்பி நீட்டி, "முதல்ல நீ குடி, நான் பாக்கறேன்" என்றேனாம். நீ அவர்கள் முன்னால் அந்த டம்ளரை வாங்கி முழுதும் குடித்துவிட்டு, வெறும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாயாம். மறுநாள் நான் வாசல் பூட்டை மாற்றினேனாம். எனக்கு நினைவில்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

ஒன்று மட்டும் அழியாமல் தங்கியிருக்கிறது. பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று நீ சொன்னது. "முப்பத்தெட்டு வருஷமா சாம்பிளே பாத்துட்டு இருக்கீங்க. மூட்டையை எப்பங்க இறக்கப் போறீங்க?"

நோயைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? எதிர்க்கடை எண்ணெய்க்காரன். வண்டி நிறுத்துகிற இடத்துக்காகப் பன்னிரண்டு வருடம் என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவன். ஒரு நாள் என் கடைச் சரக்கையே ஒரு வெளியூர்க்காரருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். கை வெட்டியது, என் சரக்கு என் காலடியில் சிதறியது. அவன் எண்ணெய்க் கையோடு ஓடி வந்து, "அடேய், உன் சரக்கையே நீ வேண்டாம்னு எறியறியே, உனக்கு என்னடா ஆச்சு?" என்றான். அதற்குப் பிறகு மூன்று நாள், எனக்குத் தெரியாமல் அவன் கடையில் உட்கார்ந்து என் கையைப் போனில் படம் பிடித்திருக்கிறான். நாலாம் நாள் தன் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் ஒரு நரம்பு டாக்டரம்மாவிடம் உட்கார வைத்தான்.

அந்த அம்மாள் படத்தை இரண்டு முறை பார்த்தார். இது ஒரு வகை வலிப்பு, ஒரு நாளில் பல முறை வந்து போகிறது என்றார். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். நான் முடியாது என்று எழுந்துவிட்டேன். நீரை எடுத்துவிட்டு வேறு எதையோ உள்ளே ஏற்றப் போகிறார்கள் என்று சத்தம் போட்டேனாம். எண்ணெய்க்காரன் கதவை மறித்துக்கொண்டு கேட்டான்: "குத்தூசி போட்டு நடுச்சரக்கை உருவிப் பாக்காம உன் ஜென்மத்துல ஒரு மூட்டை இறக்கியிருக்கியா? அப்புறம் அந்தம்மா மட்டும் உன் மூஞ்சியைப் பாத்து மருந்து எழுதணுமாக்கும்!" புத்தி புரண்டிருந்தாலும் தொழில் புரளவில்லை. போய்ப் படுத்துவிட்டேன்.

ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கி, முதுகை வில் போல வளைக்கச் சொன்னார்கள். மரத்துப்போக ஒரு ஊசி, பிறகு இடுப்புக்கு மேலே இன்னொரு ஊசி. ஒரு அழுத்தம்தான், நீ நினைக்கிற அளவு வலி இல்லை. தெளிந்த தண்ணீர் போலச் சொட்டுச் சொட்டாகச் சின்னக் குப்பிகளில் விழுந்ததாம். அதுவரை என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தவன் எண்ணெய்க்காரன். சட்டையில் அந்தப் பிசுக்கு இன்னும் போகவில்லை.

குப்பிகள் வேறு ஊர் ஆய்வகத்துக்குப் போய் முடிவு வரப் பன்னிரண்டு நாள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். ரத்தம் உடம்பு முழுக்கச் சுற்றுகிறது, இந்த நீரோ மூளையைத் தொட்டுக்கொண்டே இருப்பது, மூளைக்குள் நடப்பது இதில் தெரியுமாம். மறதி நோய்க்கான அடையாளம் என் நீரில் இல்லை. வேறொன்று இருந்தது. "உங்க உடம்பைக் காக்கிற படையே வழி தவறி உங்க மூளையை அடிச்சிட்டிருக்குங்க ஐயா. அடிக்கிற ஆளோட தடயம் இந்த நீர்ல கிடைச்சிருக்கு. நரம்புல எவ்வளவு சேதம்னு காட்டுற ஒரு புரதமும் கூடியிருக்கு" என்றார். உப்பைக் குறைத்ததும் அதே நோய்தானாம். வயதானவர்களுக்கு இது வந்தால் பலரும் வயசு என்று விட்டுவிடுகிறார்களாம், நாளாக நாளாகச் சேதம் கூடுமாம். ஐந்து நாள் சொட்டு மருந்து ஏற்றினார்கள். பிறகு இன்னொரு மருந்து. மூன்றாவது வாரம் கை வெட்டுவது நின்றது. உப்பு ஏறியது. புத்தி மெல்ல மெல்லத்தான் வந்தது. வந்ததும் முதலில் உன்னைத்தான் தேடினேன், நீ வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு.

"அது நீங்க இல்லைங்க, நோய்" என்று டாக்டரம்மா சொன்னார். மகளும் அதையே சொல்கிறாள். அதை இறுகப் பிடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் கலந்த சரக்கை ஒரே ரகம் என்று நான் யாருக்கும் கொடுத்ததில்லை. உன்னிடம் அதை ஆரம்பிக்க மாட்டேன். தண்ணீரை நீட்டியது நோய். பூட்டை மாற்றியது நோய். ஆனால் நாம் ஒற்றை அறையில் பயறு பாக்கெட் போட்ட காலத்தில், நீ கல் பொறுக்கி வைத்ததை நான் மறுபடி தட்டில் கொட்டிப் பார்ப்பேனே, அப்போது எனக்கு எந்த நோயும் இல்லை. நீ எங்கே போய்வந்தாய் என்று உன்னிடம் ஒரு தடவை, பிறகு மகளிடம் வேறு விதமாக ஒரு தடவை கேட்பேனே, அப்போதும் இல்லை. ஊரைச் சந்தேகப்பட்டுத்தான் நான் ஆளானேன். அந்தக் குணத்தை வாசலில் செருப்போடு கழற்றிவைக்கத் தெரியவில்லை. என் சந்தேகம் அவ்வளவு பழையதாக இருந்ததால்தான், நோய் வந்தபோது உன்னால்கூட அதை நோய் என்று அடையாளம் காண முடியவில்லை. இவர் எப்பவும் இப்படித்தான் என்று நீ நினைத்திருப்பாய். அப்படி நினைக்க வைத்தவன் நான்.

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி மறுபடி முதுகு நீர் எடுக்கிறார்கள். சேதக் கணக்கு இறங்கியிருக்கிறதா, மருந்தைக் குறைக்கலாமா என்று பார்க்க. மறுபடி வரக்கூடிய நோயாம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத் தோளைப் பிடித்துக்கொள்ள எண்ணெய்க்காரன் தயாராக இருக்கிறான். "உன் வீட்டம்மா வந்தா எனக்கு விடுதலைடா" என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ரிப்போர்ட்டின் நகலை இந்தக் கவரில் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். ஒரு ரிப்போர்ட்டை நீட்டி உன்னைக் குற்றவாளி ஆக்கியவன், இன்னொன்றை நீட்டி நானே விடுதலை வாங்கிக்கொள்வது நியாயமாக இல்லை. மூட்டையை இறக்கு என்றும் கேட்கவில்லை. வந்து குத்தூசி போட்டுப் பார். ஒரு நாளோ ஒரு வாரமோ, உன் இஷ்டம். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் குத்து. சரக்கு சரியில்லை என்று பட்டால் கையை உதறிவிட்டுப் போ. நான் விலை பேச மாட்டேன்.

நடக்கப் போகும்போது சாலையின் ஓரமாக நட. பேத்திக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
கை நின்ற
உன் வீட்டுக்காரன்

பின்குறிப்பு: வாசலில் பழைய பூட்டையே திரும்ப மாட்டியிருக்கிறேன். நீ கொண்டுபோன சாவி பொருந்தும்.