நூறு தடவை ஆட்டும் அரைக் கிலோ

அன்புள்ள அப்பாவுக்கு,

பேக்கரிக் கிடங்கில் தினமும் இருபத்தைந்து கிலோ மாவு மூட்டை தூக்குகிறவள் நான் என்று அன்று ஜிம் மாஸ்டரிடம் சொல்லவில்லை. அந்தக் கதைக்கு முன், உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

என் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறதாம், மூன்று மாதத்தில் குறைக்க வேண்டுமாம். பயப்படாதீர்கள், சொன்ன டாக்டரே தொப்பைக்காரர்தான். அதற்காகத்தான் ஜிம்முக்குப் போனேன். மாஸ்டர் கண்ணாடியில் தன் புஜத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு ரோஜா நிற அரைக் கிலோ டம்பலை நீட்டினார்.

“இதை நூறு தடவை ஆட்டுங்க மேடம், கொழுப்பு நெய்யா உருகிடும்.”

அதை வைத்து ஈ ஓட்டலாம்.

“சுவத்துல ஒட்டியிருக்கே, வாரத்துல மூணு நாள் வெயிட் தூக்குற திட்டம், அது போதும் எனக்கு” என்றேன்.

“ஐயோ, அது ஆம்பளைங்களுக்கு!”

ஆண்களின் கொழுப்பு மட்டும் வேறு கடையில் வாங்கியதோ! மூட்டை என்றும் ஒரே எடைதான்; அந்தத் திட்டத்தில் சுமை வாரந்தோறும் ஏறும், உடம்பும் அதற்கு ஈடுகொடுத்தாக வேண்டும். புத்தகத்தில் படித்த எனக்குத் தெரிகிறது, அதற்கே சம்பளம் வாங்குகிறவருக்குத் தெரியவில்லை.

உங்கள் தையல் கடை நோட்டில் என் பழைய இடுப்பளவு இருக்கும், பார்த்து எழுதுங்கள். ஒரு டேப்பும் அனுப்புங்கள். இங்கே வாங்கிய டேப் முதுகுப் பக்கம் நழுவுகிறது, பிடிக்க ஆளில்லை.

ஷிஃப்ட் மணி அடித்துவிட்டது. சுவரில் இருந்த திட்டத்தைத்தான் எடுத்தேன். ஆறு வாரத்தில் எடை பெரிதாக இறங்கவில்லை, ஆனால் சீருடைப் பேன்ட் இடுப்பில் நிற்காமல் போயிற்று. நானே இரண்டு விரல் அளவு உள்ளே பிடித்துத் தைத்தேன். தையல் கோணலாகத்தான் வந்தது.

உங்கள் மகள்